மாத்திரை மட்டும் போதாது!



காசநோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையிலிருந்து வருகிறார் ஒரு வாலிபர். எதிரே டீக்கடை. உடனே பற்ற வைக்கிறார் சிகரெட்டை! ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் காப்பாற்ற வேண்டிய நுரையீரலுக்கு அவரே புகையை அனுப்புகிறார். அவரைப் பார்த்து முகம் சுளிப்போர் பலர். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவோர் எத்தனை பேர்?

புகைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு நம் தமிழகத்திலேயே கண்டறியப்பட்ட உண்மை. இங்கு இறந்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி நடத்திய ஆய்வு, 2003ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. புகைக்காதவரைவிட, புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்றது அது! கிருமியை எதிர்த்து நிற்கும் நுரையீரலின் சக்தியையே புகை முடக்கிவிடுகிறது. குணமானவருக்கும் நோய் திரும்ப வழி வகுக்கிறது.

"விட்டுத் தொலை" என்று அதட்டினால் விடுவாரா? ஒளிந்து பிடிப்பார். ஆலோசனை என்பது வேறு. மாத்திரைக்கு வரும்போதெல்லாம் "இன்னும் பிடிக்கிறீர்களா?" என்று கனிவாகக் கேட்பது, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்க உதவுவது, தவறிவிட்டால் குத்திக் காட்டாமல் மீண்டும் தொடங்க வைப்பது. டீ குடித்ததும், சாப்பிட்டதும் எழும் அந்த ஆசை சில நிமிடங்களில் அடங்கிவிடும்; அதுவரை தண்ணீர் குடிக்கலாம், சற்று நடக்கலாம் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். ஆறு மாத சிகிச்சை இதற்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம் அல்லவா? காசநோய் சிகிச்சை மையம் ஒவ்வொன்றிலும் மாத்திரையோடு இந்த ஆலோசனையும் தவறாமல் கிடைக்க அரசு வகை செய்ய வேண்டும்.

வியாபாரிகளே! 18 வயது நிரம்பாதவருக்கு சிகரெட், பீடி விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதை மதியுங்கள். உங்கள் கடைப் பையனுக்குக் காசநோய் என்று தெரிந்தால் வேலையை விட்டு விரட்டாதீர்கள். மருந்துக்குப் போய்வர நேரம் கொடுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் நோயையும் மறைக்கிறார்கள், புகையையும் மறைக்கிறார்கள்.

இளைஞர்களே! நோன்புக் காலத்தில் பகல் முழுவதும் சிகரெட்டைத் தொடாத மனஉறுதி உங்களிடம் இருக்கிறது. நோன்பு திறந்ததும் அதைக் கைவிடலாமா? நோயாளி நண்பன் முன்னால் பற்ற வைக்காதீர்கள். புகையிலையை விட ஆலோசனை தரும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. அதை அவனுக்குக் கொடுங்கள். அவன் பேசும்போது கூட இருங்கள்.

மாத்திரையை அரசு தரும். மனதுக்குத் துணையை நாம்தான் தர வேண்டும். தருவோமா?