சுருதியை இறக்கினால் குற்றமா?



2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், மேடைத் தளத்தின் அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மேலே வந்தது. அதில் ஆஸி ஆஸ்போர்ன். வயது 76. பார்க்கின்சன் நோயும், கீழே விழுந்து முதுகில் பட்ட அடிகளும் சேர்ந்து அவரை நடக்க முடியாமல் செய்திருந்தன. மைதானம் இருக்கும் அதே ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அன்று உட்கார்ந்தபடியே பாடினார். மெதுவான பாட்டு ஒன்று வந்தபோது குரல் பிசிறியது. அவர் விட்ட இடங்களைக் கூட்டம் எடுத்துப் பாடியது. பிறகு டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் ஆகிய மூவரும் சேர்ந்துகொள்ள, ஆஸி பாடகராக இருந்த பிளாக் சாபத் குழுவின் ஆதி நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில். வாசித்தது நான்கே பாட்டு. 77 வயது பில் வார்ட் சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 22-ல் ஆஸி இறந்துபோனார்.

அந்தக் கச்சேரியையொட்டி இந்த இதழின் இசைப் பகுதியில் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். 'இரைச்சலுக்கு இத்தனை பக்கமா?' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறீர்கள் என்பது தெரியும். அதைவிடச் சுவையான சண்டை எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. உதவி ஆசிரியர் ஒருவர், இருபதுகளில் இருப்பவர், 'ஹெவி மெட்டல்' இசைப் பைத்தியம். அவர் சொன்னார்: "பழைய ஆல்பத்தைக் கேட்டா சிங்கம் மாதிரி இருக்காங்க சார். இப்ப வீடியோவுல பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. நல்லா இருக்கும்போதே நிறுத்தியிருக்கலாம்ல?"

நியாயமான பேச்சுதான். மற்ற இசைகளைவிட மெட்டல் உடம்பை அதிகம் கேட்கும் இசை. உச்சஸ்தாயியில் கத்தலும் பாட்டும் கலந்த குரல், இரண்டு காலாலும் இடைவிடாமல் மிதிக்கும் டிரம்ஸ், தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடும் ஆட்டம். ஸ்லேயர் குழுவின் டாம் அராயா 2010-ல் கழுத்து எலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு தலையாட்டுவதையே விட வேண்டியதாயிற்று. இளமையின் வேகத்தையே சரக்காக விற்ற இசை, வேகம் போனபின் எதை விற்கும்? உதவி ஆசிரியரின் கேள்வி அதுதான்.

ஆனால் இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது.

1965-ல் பிளாக் சாபத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு வயது 17. பர்மிங்காமில் உலோகத் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். இசைக்குழுவோடு வெளியூர் போவதற்காக வேலையை விட்டிருந்தார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனி திரும்பப் போக வேண்டாம் என்றிருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பி வைத்தார். பழக்கமில்லாத இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அயோமி இடக்கை வாசிப்பாளர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். மருத்துவர்கள் கிட்டாரை மறந்துவிடச் சொன்னார்கள்.

அவர் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு இரண்டு தொப்பி செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க அதன்மேல் தோல் ஒட்டினார். கனமான தந்தியை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பான்ஜோ தந்தியைக்கூடக் கட்டிப் பார்த்தார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகள் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. தளர்ந்த தந்தியின் அந்தக் கனத்த, இருண்ட ஓசைதான் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குழுக்களுக்குப் பாடப் புத்தகம். அதாவது, வெட்டுப்பட்ட ஒரு கை தனக்கு முடிந்தபடி வாசித்த வாசிப்பிலிருந்து பிறந்தது இந்த இசை. முடியாத உடம்போடு சமரசம் செய்துகொள்வது இதற்கு முதுமையில் வந்த அவமானம் அல்ல. இளமையிலேயே அதுதான் இதன் தொழில் ரகசியம்.

இன்று எழுபது வயதுப் பாடகருக்காகக் குழுவே அரைச்சுரம் இறக்கிக்கொண்டால், 'குரல் போச்சு' என்று உச்சுக்கொட்டுகிறோம். அயோமி விரலுக்காகச் செய்ததைத்தான் இவர்கள் தொண்டைக்காகச் செய்கிறார்கள்.

அயர்ன் மெய்டன் குழுவின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் கதை இன்னும் நெருக்கமானது. 2023 ஜனவரியில், 70 வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்து உடம்பின் வலப்பக்கம் செயலிழந்தது. மே மாதக் கடைசியில் சுற்றுப்பயணம் தொடங்க வேண்டும். பயிற்சி எடுத்துக் கை திரும்பியது, ஆனால் வேகமான உருட்டல்கள் மட்டும் திரும்பவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த உருட்டல்களை விட்டுவிட்டு, அந்த இடங்களில் எளிமையாக எதையாவது வாசித்தார். அதை மறைக்கவும் இல்லை, பேட்டிகளில் தானே சொன்னார். ஒன்றரை வருடம் அப்படியே ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு, 2024 டிசம்பர் 7 அன்று சாவோ பாவ்லோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். போகச் சொன்னது ரசிகர்கள் இல்லை, விமர்சகர்களும் இல்லை.

2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இதே மெய்டன் வாசித்தபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். சென்னையிலிருந்து போன ரயிலில் கறுப்பு டி-ஷர்ட்டுகளாகவே இருந்தன. நிக்கோவின் முகம் அன்று எங்களுக்குத் தெரியவே இல்லை. டிரம்ஸ் அத்தனை பெரிய கோட்டை. அதனால்தானோ என்னவோ, அவருக்கு நேர்ந்ததைப் படித்தபோது முதன்முறையாக அந்தக் கோட்டைக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்று உறைத்தது.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழு வேறொரு வழி கண்டிருக்கிறது. கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனுக்கும் பார்க்கின்சன். 2018-ல் வெளியே சொன்னார்கள். முழுக் கச்சேரிக்கும் அவர் இடத்தில் ஆண்டி ஸ்னீப் வாசிப்பார். டிப்டனுக்கு உடம்பு இடம் கொடுக்கும் நாளில் கடைசியில் இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் வந்து நிற்பார். நம் சபாக்களில் மூத்த வித்வானுக்குப் பின்னால் சிஷ்யர் உட்கார்ந்து மேல்ஸ்தாயியைத் தாங்குவாரே, அந்த ஏற்பாடுதான். சிஷ்யர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை.

எனக்குக் கோபம் வருவது ஏமாற்றும்போதுதான். பதிவு செய்த குரலை ஓடவிட்டு மேடையில் வாயசைப்பது ஒன்று. முழு விலைக்கு டிக்கெட் வாங்கியவனுக்கு அதைச் சொல்வதில்லை. இன்னொன்று, 'இதுவே கடைசி' வியாபாரம். மாட்லி க்ரூ குழு 2014-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனி சுற்றுப்பயணமே கிடையாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 2019-ல் அதே ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல் வீடியோ வெளியிட்டுத் திரும்பி வந்தது. ஸ்கார்பியன்ஸ் குழு விடைபெறுவதாக அறிவித்தது 2010-ல். வில்லா பார்க்கில் ஆஸி பாடிய அதே நாளில் அவர்கள் சொந்த ஊரான ஹனோவரில் அறுபதாம் ஆண்டுக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள்! (ஜூடாஸ் பிரீஸ்ட் பர்மிங்காம் வர முடியாமல் போனதே அங்கே வாசிக்க ஒப்புக்கொண்டிருந்ததால்தான்.) ஸ்கார்பியன்ஸ்மேல் எனக்குக் கோபமில்லை, ஆசை தீராமல் திரும்பியவர்கள் அவர்கள். ஆனால் 'கடைசி முறை' என்று நம்பிக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்த ரசிகர் ஒருவர் எங்காவது இருப்பாரில்லையா?

இதற்கெல்லாம் அடங்காத ஒரு கதையும் உண்டு. மோட்டார்ஹெட் குழுவின் லெமி, 2015 செப்டம்பர் 1 அன்று டெக்ஸாஸின் ஆஸ்டினில் சில பாட்டுகளோடு முடியாமல் மேடையை விட்டு இறங்கினார். ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்பினார். டிசம்பர் 11-ல் பெர்லினில் கடைசிக் கச்சேரி. டிசம்பர் 24-ல் எழுபது வயது நிறைந்தது. 26-ல்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. 28-ல் இறந்தார். கடைசிக் கச்சேரிக்கும் இறப்புக்கும் இடையே 17 நாட்கள், ஆஸிக்கு இருந்த அதே இடைவெளி. ஆஸியை நினைத்தால் நிறைவாக இருக்கிறது, லெமியை நினைத்தால் அப்படி இல்லை. ஆஸிக்கு ஒருநாள், ஒரு நாற்காலி, சொந்த ஊர். வருமானமும் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. லெமிக்குப் பேருந்து, விமானம், அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். இசைத்தட்டு விற்பனை படுத்துவிட்ட காலத்தில் குழுக்களுக்குச் சோறு போடுவது சுற்றுப்பயணம்தான். ஒலி அமைப்பாளர், லாரி ஓட்டுநர், மேடை கட்டுபவர் என்று ஒருவரை நம்பி ஒரு படையே இருக்கிறது. 'போதும் அய்யா' என்று அவரிடம் சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்? சொல்லியிருந்தாலும் லெமி கேட்டிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

ஆகவே நிறுத்தச் சொல்லும் வேலை நம்முடையதல்ல என்பது என் கட்சி. குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். வாரத்துக்கு நான்கு ஊர் என்பதை ஒன்றாக்கலாம். இரண்டு மணிநேரத்தை ஒன்றாக்கலாம், நாற்காலி போட்டுக்கொள்ளலாம், சுருதியை இறக்கலாம். வாயசைப்பு இருந்தால் டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடட்டும், வேண்டியவர் வாங்கட்டும்.

மெய்டன் 2025 மே மாதம் புடாபெஸ்டில் புது டிரம்மர் சைமன் டாசனோடு ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது. நிறுவனர் ஸ்டீவ் ஹாரிஸுக்கு அப்போது 69 வயது. அவர்கள் மறுபடி பெங்களூரு பக்கம் வந்தால் நான் போவேன். உதவி ஆசிரியரிடம் கேட்டேன். கருத்தில் மாற்றம் இல்லையாம். டிக்கெட்டுக்கு ஆசிரியர் பணம் கொடுத்தால் நேரில் வந்து மனசு கஷ்டப்படத் தயார் என்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்