கணக்கில் வராத கழிவு ஒயில்

சுன்னாகம் பிரதேசத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கையின் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. சுற்றாடலை மாசுபடுத்துகின்றவரே அதற்கான விலையையும் செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு வடபகுதி மக்களின் குடிநீர் தொடர்பில் வலியுறுத்தப்பட்டமை முக்கியமான ஒரு நிகழ்வு. அந்த மக்கள் வீட்டு முற்றத்தில் கிணறு இருக்க, பவுசரில் வரும் தண்ணீருக்காகக் குடங்களுடன் காத்திருந்த காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும், அந்தத் தீர்ப்பிலிருந்து நமது வணிக சமூகம் பெற்றுக்கொண்ட பாடம் மிகக் குறுகியது என்பதே எனது கருத்து. 'அது பெரிய மின் நிலையம் செய்த வேலை. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்ற மனநிலையே பரவலாகக் காணப்படுகின்றது. தொடர்பு இருக்கின்றது. சுன்னாகத்தில் கிணற்றுக்குள் சென்ற எண்ணெய், நமது கராஜ்களிலும், வாகன சேர்விஸ் நிலையங்களிலும், லொறிகளும் பேருந்துகளும் தரிக்கும் வளவுகளிலும், மீன்பிடித் துறைகளிலும் நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருக்கின்றது. அளவு சிறியது என்பதால் அது எவருடைய கண்ணிலும் படுவதில்லை. சிறிய அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் என்னவாகும் என்பதுதான் கேள்வி.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். ஒரு கராஜில் நாளொன்றுக்கு ஐந்து கார்களுக்கு என்ஜின் ஒயில் மாற்றப்படுகின்றது எனக் கொள்வோம். ஒரு காரிலிருந்து ஏறத்தாழ 4 லீற்றர் பழைய ஒயில் வெளியேறும். மாதத்தில் 25 நாட்கள் வேலை நடந்தால் 500 லீற்றர். ஆண்டுக்கு 6,000 லீற்றர். அதாவது, 200 லீற்றர் கொள்ளும் பரல்கள் முப்பது. இது ஒரேயொரு கராஜின் கணக்கு. லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் தேவைப்படும் ஒயில் இதைவிடப் பல மடங்கு அதிகம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, வங்கிக் கிளைகள் முதல் திருமண மண்டபங்கள் வரை எத்தனை இடங்களில் மின்பிறப்பாக்கிகள் ஓடின என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கும் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை ஒயில் மாற்ற வேண்டும். வங்கியும் மண்டபமும் தம்மைக் கழிவு உண்டாக்கும் தொழில்களாக ஒருபோதும் கருதுவதில்லை.

இந்தப் பழைய ஒயில் எங்கே செல்கின்றது? ஒரு பகுதியை வாங்கிச் செல்வோர் இருக்கின்றார்கள். ஒரு பகுதி கறையான் அரிக்காமல் மரங்களுக்கும் வேலித் தூண்களுக்கும் பூசப்படுகின்றது. கட்டட வேலைகளில் கொங்கிறீட் ஒட்டாதிருக்கப் பலகைகளில் தடவப்படுகின்றது. எஞ்சியது தரையில் ஊறுகின்றது, அல்லது வாகனம் கழுவிய தண்ணீருடன் வடிகாலில் இறங்குகின்றது. பூசிய ஒயிலும் மழையில் கழுவுண்டு மண்ணுக்குத்தான் போகின்றது. என்ஜினுக்குள் ஓடித் தேய்ந்த ஒயிலில் ஈயம், நாகம், கட்மியம் போன்ற உலோகங்களும், எரிபொருள் எரிந்து உண்டான நச்சுச் சேர்வைகளும் கலந்திருக்கும். ஒரு தடவை ஒயில் மாற்றும்போது வெளியேறும் கழிவு பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நீண்டகாலமாக எச்சரித்து வருகின்றது.

மற்றைய இடங்களைக் காட்டிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த எச்சரிக்கைக்குக் கனம் அதிகம். அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் மக்கள் நம்பியிருப்பது நிலத்தடி நீரை. நிலத்தின் கீழிருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக் கற்பாறை. மழைநீரை விரைவாக உள்வாங்கிக் கிணறுகளை நிரப்பும் அதே பாறை, தரையில் ஊற்றப்படுவதையும் அவ்வாறே உள்வாங்கிக்கொள்ளும். ஒருவர் தமது வளவில் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றுக்குச் செல்வதை எல்லை வேலி தடுக்காது.

நான் பணிபுரிந்த அச்சுக்கூடங்களில் ஒரு வழக்கத்தை அவதானித்திருக்கின்றேன். பத்திரிகை அச்சிட்டு முடிந்த அலுமினியத் தகடுகள் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கி வைக்கப்படும். பழைய இரும்புக்காரர் வரும்போது நிறுத்து, பற்றுச்சீட்டுடன் விற்கப்படும். கழிவுக் கடதாசிக்கும் அப்படியே கணக்கு உண்டு. ஆனால் உருளைகளைக் கழுவிய மண்ணெண்ணெயும் மைக்கலவையும் எங்கே சென்றன என்று கணக்காளர் கேட்டதை நான் கண்டதில்லை. விலை கிடைக்கும் கழிவுக்குப் புத்தகத்தில் இடமுண்டு. விலை கிடைக்காத கழிவுக்கு வடிகால்தான் இடம். ஏறத்தாழ எல்லாத் தொழில்களிலும் இதுவே நடைமுறை. நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படாத செலவு இல்லாமற் போய்விடுவதில்லை. அதை அயலவர் ஒருவர் தமது கிணற்றின் மூலம் செலுத்துகின்றார்.

சட்டம் இல்லை என்று கூறுவதற்கில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கின்றது. வாகன சேர்விஸ் நிலையங்கள் அதன் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டியவை. 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளைச் சேகரிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் அகற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் கோருகின்றன. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால் ஒவ்வொரு கராஜின் பின்புறத்துக்கும் நாள்தோறும் ஓர் அதிகாரியை அனுப்ப எந்த அரசாங்கத்தாலும் இயலாது. ஆகவே வேலை நிறுவனங்களுக்கு உள்ளேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலாவது, ஒயிலுக்கு ஒரு கணக்குப் புத்தகம். எவ்வளவு புதிய ஒயில் வாங்கப்பட்டது, எவ்வளவு பழைய ஒயில் சேர்ந்தது, எவ்வளவு யாரிடம் கையளிக்கப்பட்டது என்ற மூன்று பத்திகள் போதும். என்ஜினுக்குள் ஒரு பகுதி எரிந்துபோவது உண்மையே. அதற்கு அப்பாலும் பெரிய இடைவெளி தென்பட்டால், அந்த ஒயில் தரைக்குச் சென்றிருக்கின்றது என்பது உரிமையாளருக்கே விளங்கிவிடும். பணப்பெட்டியில் நூறு ரூபா குறைந்தால் விசாரணை வைக்கும் முதலாளி, நூறு லீற்றர் ஒயில் குறைந்ததையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, கலக்காமல் வைத்தல். பழைய ஒயிலுடன் பெற்றோல், பிரேக் ஒயில், ரேடியேற்றர்த் தண்ணீர் என்பவற்றை ஒரே பரலில் ஊற்றினால் அதை மீளச் சுத்திகரிப்பது கடினம். மூடியுள்ள பரல், ஒழுகினாலும் ஊறாத சீமெந்துத் தரை, சுற்றிவர ஒரு சிறு அணை, மேலே மழை படாத கூரை ஆகியனவே தேவை. ஒரு மேசன் இரண்டொரு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது. வாகனம் கழுவும் தண்ணீர் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டிகளைக் கடந்த பின்னரே வெளியேற வேண்டும். பழைய ஒயில் பில்டர்களைக் குப்பையில் எறிவதற்கு முன்னர் முற்றாக வடியவிட வேண்டும்.

மூன்றாவது, உரிமம் பெற்றவரிடம் பற்றுச்சீட்டுடன் கையளித்தல். புத்தளத்திலுள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் உலை தொழிற்றுறைக் கழிவுகளை மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்து எரிபொருளாகப் பயன்படுத்தி வருகின்றது. முறையாகச் சுத்திகரித்தால் பழைய ஒயிலிலிருந்து மீண்டும் ஒயிலே கிடைக்கும். 2.4 லீற்றர் உராய்வு நீக்கி ஒயிலைப் பெறுவதற்குப் பழைய ஒயிலில் 3.8 லீற்றர் போதுமானது. சுத்திகரிக்கப்படாத நிலத்தடி எண்ணெயாயின் ஏறத்தாழ 159 லீற்றர் வேண்டும். ஒவ்வொரு துளி எண்ணெயையும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கும் நாடு இது. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டுக்குப் பின்னராவது இதன் பெறுமதி நமக்கு விளங்க வேண்டும்.

மாதம் ஒரு பரல் சேரும் சிறிய கராஜ்காரர் அதனைப் புத்தளத்துக்கு எப்படி அனுப்புவார் என்று கேட்பது நியாயமானதே. தனியாக அவரால் முடியாது. இங்குதான் வணிகர் சங்கங்களுக்கு வேலை இருக்கின்றது. நகரத்துக்கு ஒரு சேகரிப்பு நிலையம், மாதம் ஒரு தடவை வரும் உரிமம் பெற்ற வாகனம், உறுப்பினர்களிடையே பகிர்ந்துகொள்ளும் செலவு என்ற ஏற்பாட்டை அவர்கள் செய்யலாம். புதிய ஒயிலை மூலை முடுக்கெல்லாம் கொண்டுவந்து விற்கும் நிறுவனங்களையும் இதில் பொறுப்பாளிகளாக்க வேண்டும். ஜேர்மனியில் என்ஜின் ஒயில் விற்பவர், தாம் விற்ற அளவுக்குப் பழைய ஒயிலை இலவசமாக மீளப்பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அங்கு வாழும் நமது வாசகர்கள் இதனை அறிவார்கள். போத்தல் வந்த வழியிலேயே கழிவும் திரும்பிச் செல்லலாம்.

புலம்பெயர்ந்த நமது உறவுகள் தாயகத்தில் முதலீடு செய்வது பற்றி இப்போது அதிகம் பேசப்படுகின்றது. விடுதிகள், போக்குவரத்துச் சேவைகள், குளிர்சாதனக் களஞ்சியங்கள் எனத் திட்டங்கள் பல. அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நீங்கள் வாழும் நாடுகளில் எந்த ஒழுங்கைக் கேள்வியின்றிக் கடைப்பிடிக்கின்றீர்களோ, அதே ஒழுங்கை ஊரிலும் கடைப்பிடியுங்கள். இலாப நட்டக் கணக்கைக் கேட்கும்போது, ஒயில் கணக்கையும் கேளுங்கள்.

இரண்டு கோடி ரூபா என்பது ஒரு நீதிமன்றம் விதித்த தொகை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய எண்ணெயை முழுவதும் வெளியே எடுப்பதற்கு எந்த நீதிமன்றத்தாலும் கட்டளையிட முடியாது. அடுத்த சுன்னாகம் ஒரு பெரிய புகைபோக்கியின் கீழ்தான் உருவாகும் என்பதற்கும் உத்தரவாதம் எதுவும் இல்லை. நூறு கராஜ்களின் பின்புறத்திலும் அது உருவாகலாம்.