மூடியைக் கழற்றத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்

திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தை அறிமுகப்படுத்திப் பேசினேன். முடித்ததும் மேடையிலிருந்த தொழிலதிபர் மைக்கை வாங்கினார். "பனியன் கம்பெனியில் எல்லாமே விண்டோஸ். இதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளையை வைத்து நான் என்ன செய்வது? அரசு லேப்டாப்பில் கொடுத்த பாஸ் லினக்ஸைப் பிள்ளைகளே அழித்துவிட்டார்கள். ஓசியில் வருவதற்கு யார் பொறுப்பு?" என்றார். அரங்கம் கைதட்டியது. அவர் சொன்ன மூன்றும் தவறு.

முதலில் பாஸ். மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்கப் போதிய ஆள் வைக்கவில்லை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், லினக்ஸுக்கு மாறியபோது ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது, பாடநூலில் சேர்த்தது, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தியது. அங்கே அது நிலைத்தது. நாம் ஒழுங்காகப் பாடம் நடத்தாமல் விட்டதற்குப் பிள்ளைகள் மேல் பழி போடுவது அநியாயம்.

அடுத்து, பொறுப்பு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை என்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அவை. காசு கொடுத்து வாங்கியவர் யாரிடம் போய் நியாயம் கேட்டார்? அதே கணினியில் லினக்ஸ் இன்றும் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்களும் வரும்.

இனி வேலை. டேலியும், கட்டிங்குக்கு மார்க்கர் போடும் பெரிய கேட் மென்பொருள்களும் விண்டோஸைக் கேட்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணினிகளில் விண்டோஸ் இருக்கட்டும். ஆனால் மெர்ச்சண்டைசர் பையருக்கு அனுப்பும் மெயில், காஸ்டிங் ஷீட், பேக்கிங் லிஸ்ட் எதற்கும் அது தேவையில்லை. மெயிலுக்கு பிரவுசரும் மற்றவற்றுக்கு லிப்ரே ஆபிஸும் போதும். பிரிண்டுக்கு இங்க்ஸ்கேப், எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்டிட்ச், பேட்டர்ன் போட்டுப் பழக சீம்லி2டி என எல்லாம் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கின்றன. ஜாப் ஒர்க் செய்பவரின் மகள் இவற்றைத் தன் வீட்டுக் கணினியில் நேர்மையாக நிறுவிப் பழகலாம். இந்த வழியையும் அடைத்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது கிராக் போட்ட திருட்டு மென்பொருள்தான். அதைத்தான் கல்லூரி கற்றுத்தர வேண்டுமா?

இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதைத் தொழிலதிபரே மறந்துவிட்டதுதான் எனக்கு வலிக்கிறது. ஓவர்லாக் மிஷின் நின்றால், வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் வரட்டும் என்று எந்த முதலாளியும் லைனை நிறுத்தி வைப்பதில்லை. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, லூப்பர் டைமிங்கைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உரிமை இருந்ததால் வந்த கைத்திறன் அது. லினக்ஸ் அந்த உரிமையைக் கணினியில் தருகிறது: மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். 1991இல் அதன் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர்தான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

ஐயா, பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவரை நீங்கள் மெக்கானிக்காக வைத்துக்கொள்ள மாட்டீர்கள். கல்லூரி மட்டும் அப்படிப்பட்டவர்களை உருவாக்கி அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். அந்த மாணவர்களிடம் நீங்கள் சொன்ன அறிவுரையை, அதே மேடையில் திரும்பப் பெறுங்கள்.