வெறும் லிங்க்கை வீசாதீங்க பாஸ்!

கொஞ்சம் உங்கள் செல்போனைக் கையில் எடுங்கள். கிளாஸ் குரூப், ஹாஸ்டல் குரூப், ஊர் குரூப், குடும்ப குரூப் என்று எப்படியும் ஏழெட்டு இருக்கும். ஏதாவது ஒன்றைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். நீல நிறத்தில் நீளமாக ஒரு லிங்க் தொங்கும். கூடவே ஒரு வார்த்தை கிடையாது. மிஞ்சிப்போனால் 'அவசியம் பாருங்க' என்று இருக்கும். எதைப் பற்றி? எப்போது வந்தது? யார் சொன்னது? அனுப்பியவரைக் கேட்டால், 'தெரியலடா மச்சி, வந்துச்சு, தள்ளிவிட்டேன்' என்பார்.

கிளாஸ் குரூப்பில் இது வெறும் கடுப்பு, அவ்வளவுதான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர் குரூப்களில் இதே பழக்கம் வயிற்றில் அடிக்கும்.

சம்பா பயிர்க் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 15 கடைசித் தேதி என்றிருந்ததை 2022-ல் 21-ம் தேதி வரை நீட்டித்தார்கள். 2023-ல் 22 வரை நீட்டித்தார்கள். 'காப்பீடு செய்ய அவகாசம் நீட்டிப்பு' என்று செய்தி வரும். அந்த லிங்க்கை வருஷம் சொல்லாமல் வேறொரு நவம்பரில் யாரோ தோண்டியெடுத்து ஊர் குரூப்பில் போடுகிறார் என்று வையுங்கள். வயலில் நிற்கும் உங்கள் அப்பா தலைப்பை மட்டும் பார்க்கிறார். 'அதான் நீட்டிச்சிட்டாங்களே, அடங்கலுக்கு அடுத்த வாரம் வி.ஏ.ஓ.வைப் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார். அந்த வருஷம் நீட்டிப்பே இல்லை என்றால்? டிசம்பர் மழையில் பயிர் மூழ்கினாலும் இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் வராது.

இதில் இன்னொரு சிக்கல், லிங்க்கைப் போட்டது நீங்களாக இருந்தால் அப்பா அதைச் சரிபார்க்கவே மாட்டார். 'தம்பி காலேஜ்ல படிக்குது, தெரியாமயா போடும்?' என்பார். நீங்கள் பார்க்காமல் தள்ளினது, அவர் கண்ணுக்கு நீங்கள் படித்துப் பார்த்துச் சொன்னதாகிவிடும்.

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. 'எங்க ஊருக்கு அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி வேணும்' என்று எப்படியோ வெளியே வந்த மெசேஜ்களை நம்பித்தான் வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்துக் கிளம்பினார்கள். அந்த மாதிரி மெசேஜில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். 'ஞாயிறு காலை 10 மணி நிலவரம்' என்று ஒரு வரி இல்லாவிட்டால், அந்த ஊருக்கு எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த வேனும் அங்கேயே போய் நிற்கும். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் காத்துக் கிடக்கும். மெயின் ரோட்டு ஊர்களோடு உதவி நின்றுவிடுகிறது என்ற குமுறல் அப்போது நிறையவே கேட்டது.

'வேணும்' மெசேஜை நூறு பேர் தள்ளுவார்கள். 'போதும், கிடைச்சிடுச்சு' மெசேஜை யாரும் தள்ளமாட்டார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முறைத் தண்ணீர் பாயும்போது நம் வயல் நிறைந்ததும் மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போனால் பக்கத்து வயல்காரர் சும்மா விடுவாரா?

எப்போது என்பதைப் போலவே எங்கிருந்து என்பதும் முக்கியம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப்போகும் வீடியோ ஒன்று 2018-ல் இந்தியா முழுக்கச் சுற்றியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். கடத்தல் வதந்தி காய்ச்சலாகப் பரவிய அதே வருஷம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சாமி கும்பிடப் போன ஒரு வயதான அம்மாவை ஊர் கூடி அடித்தே கொன்றது. அவர் செய்தது குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. காப்பி, பேஸ்ட் பண்ணுகிறவரை அது என்ன செய்யும்?

சிரிக்க ஒரு விஷயம். இணைய நாகரிகம் பற்றிய முதல் கையேடுகளில் ஒன்று, 'ஆர்.எஃப்.சி. 1855', 1995 அக்டோபரில் வந்தது. சங்கிலிக் கடிதம் அனுப்பாதே என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். 50 கிலோபைட்டுக்கு மேல் ஃபைல் அனுப்பாமல் இருப்பது நல்லது என்றும் இருக்கிறது. பெரிய கோயில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற உங்கள் மாமாவின் 'குட் மார்னிங்' படம் எத்தனை கிலோபைட் என்று ஒருநாள் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? லிங்க்கோடு ரெண்டு வரி. 'சம்பா காப்பீடு பற்றிய செய்தி. 2023 நவம்பர் வெளியானது. அந்த வருஷத்துக்கு மட்டும்தான்.' முடிந்தது வேலை. இந்த ரெண்டு வரி எழுத வேண்டுமானால் நீங்கள் அதைத் திறந்து படித்தாக வேண்டும் பாருங்கள், அதுதான் எனக்கு இதில் பிடித்தது. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் திறக்கப்போவதில்லை, அவர்களுக்கும் அந்த ரெண்டு வரி போதும்.

சுருக்கின லிங்க்கை மட்டும் தயவுசெய்து வேண்டாம். போய்ச் சேரும் இடம் தெரியாத பஸ்ஸில் யாராவது ஏறுவார்களா? 'ஸ்காலர்ஷிப்', 'ஃப்ரீ ரீசார்ஜ்' என்று வந்து ஓ.டி.பி. கேட்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வேஷத்தில்தான் வரும்.

பெரியவர்கள் தப்பாகப் போட்டால்? குரூப்பிலேயே 'ஃபேக் நியூஸ் சித்தப்பா' என்று சிவப்பு எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். அம்பது பேர் முன்னால் மூக்குடைந்தவர் ஒப்புக்கொள்ளமாட்டார், வீம்புக்கு இன்னும் நாலு குரூப்பில் போடுவார். தனியாகப் போன் பண்ணுங்கள். 'சித்தப்பா, அறுவடை ஆச்சா? அந்தக் காப்பீட்டுச் செய்தி போன வருஷத்தோடது போலிருக்கு, நீங்களே ஒரு வார்த்தை போட்டுடுங்களேன்' என்றால் போதும், அவரே போட்டுவிடுவார்.

நீங்கள் போட்டது தப்பென்றால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நழுவாதீர்கள். உங்கள் குரூப்பில்தான் அது அழியும், அங்கிருந்து கிளம்பிப் போனது போனதுதான். அழிப்பதோடு நிறுத்தாமல், 'காலையில நான் போட்டது பழைய செய்தி, யாருக்காவது அனுப்பியிருந்தா சொல்லிடுங்க' என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஊர் குரூப்பில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள். வயலிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.