பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டால் டீச்சருக்கு லீவா?

"நாளைக்கு மத்தியானமே ஸ்கூல் விட்டுடுவாங்களாம்மா!"

குழந்தைக்கு இந்தச் செய்தி பாயசம். நமக்கோ பாகற்காய். சமையலைச் சீக்கிரம் முடிக்கணும், அழைத்து வர ஆள் பார்க்கணும், மாவு மில்லுக்குப் போகிற வேலையைத் தள்ளிப் போடணும். அந்த அலுப்பில் வாயில் முதலில் என்ன வருகிறது? "இந்த டீச்சருங்களுக்கு என்ன, சம்பளத்தோட லீவு!"

சகோதரிகளே, இந்தப் பேச்சை எங்கள் தெருவிலும் கேட்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறேன். என் நாத்தனார் முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் நோட்டுக் கட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததே இல்லை. அதனால் இந்த முறை அந்தப் பாதி நாளைப் பற்றிப் பேசுவோம்.

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே வருகிறேன். உயர்நிலை வகுப்பு டீச்சர் ஒருவருக்கு நாலு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 160 நோட்டு. ஒரு நோட்டுக்கு மூன்றே நிமிஷம் என்றாலும் 480 நிமிஷம், அதாவது எட்டு மணி நேரம். ஒரே ஒரு தடவை திருத்துவதற்குத்தான் இவ்வளவும்! பாடக்குறிப்பு எழுதுவது, கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் தனி.

இட்லி சாப்பிடுகிறவருக்கு அது ஐந்து நிமிஷக் காரியம். முதல் நாளே ஊறப்போட்டு, அரைத்து, கரைத்து வைத்தது நமக்குத்தானே தெரியும்? பாடமும் அப்படித்தான். "புத்தகத்தைப் படிச்சுச் சொல்லிட்டுப் போறது பாடம் இல்லேம்மா. எந்தப் பிள்ளை எந்த இடத்துல முழிக்கும்னு முதல் நாளே யோசிச்சு வைக்கிறதுதான் பாடம்" என்பார் நாத்தனார்.

இப்போது இந்த யோசனை வேலை இன்னும் கூடியிருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள் அல்லவா? அதைச் சரிக்கட்டத் தமிழக அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை வயதை வைத்து மட்டும் பார்க்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரே அறையில், ஒரே டீச்சர், மூன்று நிலைக்கும் வேறு வேறு பயிற்சி தரணும். ஒரே அடுப்பில் சர்க்கரைக்காரருக்கு ஒன்று, பல் முளைக்காத குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று சமைக்கிற நமக்கு இது புரியாதா?

சட்டத்துக்கும் இது புரிந்திருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்கு வாரம் 45 மணி வேலை என்று சொல்லி, பாடத்துக்குத் தயார் செய்யும் நேரத்தையும் அதிலேயே சேர்த்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள், 800 மணி. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி. இந்தக் கணக்கு குறையாத வரை, ஒரு மத்தியானம் போனதால் படிப்பு போய்விடாது.

வெளிநாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஜப்பானில் ஒரு டீச்சர் பாடம் நடத்த, மற்ற டீச்சர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று அலசுவார்கள். அதற்காக அந்த ஒரு வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பள்ளிகளில் 2017-லிருந்து புதன்கிழமைதோறும் 75 நிமிஷம் முன்னதாக விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். 'புதன்கிழமைதோறும்' என்பதைக் கவனியுங்கள். என்றைக்கு என்று தாய்க்கு முன்பே தெரியும்!

நம் ஊரில் கோளாறு அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா, ஜவுளிக்கடையில் வேலை. அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. போன வருஷம் ஒரு நாள், மறுநாள் பாதி நாள்தான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது இரவு ஒன்பது மணி. அந்த நேரத்தில் யாரைப் பிடிப்பது? ஏழு வயதுப் பெண் குழந்தை மறுநாள் பூட்டின வாசல்படியில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தது. மே மாத வெயிலாக இல்லாதது நம் அதிர்ஷ்டம். டீச்சரின் நேரம் எவ்வளவு நியாயமோ, அந்தத் தாயின் கூலியும் அந்தக் குழந்தையின் பாதுகாப்பும் அவ்வளவு நியாயம்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. தலைமையாசிரியையிடம் போய், "விடறது தப்புன்னு சொல்லலேம்மா. ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க. போக்கிடம் இல்லாத பிள்ளைங்களுக்கு ஒரு ரூமைத் திறந்து வைங்க" என்று கேட்டாள். முன்கூட்டித் தகவல் இப்போது வருகிறது. ரூமுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

நாமும் இப்படிக் கேட்கலாம். பருவம் தொடங்கும்போதே பாதி நாள்களின் பட்டியலைக் கேளுங்கள். சத்துணவு உள்ள பள்ளியானால், பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் மணி அடிக்கணும் என்று சொல்லுங்கள். அந்த மத்தியானம் பாடத்துக்கே பயன்படட்டும், பதிவேடு நிரப்புவதில் கரைந்துவிட வேண்டாம் என்றும் தயங்காமல் சொல்லலாம். கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறதே!

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தெருவில் நாலு தாய்மார் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு பாதி நாள்தான் வரும். குழந்தையின் கழுத்தில் சாவியை மாட்டி அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். வேறு வழியே இல்லை என்றால் காஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சாப்பாட்டையும் தண்ணீரையும் கை எட்டும் இடத்தில் வைத்து, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அந்த முறைப் பட்டியலில் அப்பாக்களின் பெயரையும் எழுத மறக்காதீர்கள். அவர்களுக்கும் அரை நாள் லீவு கிடைக்கும், கேட்டால்தான்!

உங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்து, என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.