அரிப்பு நிற்கிறது, நோய் நிற்கவில்லை

கொருக்குப்பேட்டையில் வெயில் காலத்துச் சாயங்காலம் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் பார்க்கலாம். ஒருவர் கூட்டம் குறையும்வரை நின்று, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்பார். எந்த இடத்தில் என்று கடைக்காரர் கேட்க மாட்டார், வாங்குபவரும் சொல்ல மாட்டார். தொடை இடுக்கு என்று யார் சத்தமாகச் சொல்வது!

படர்தாமரை. பேர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது :-) நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர், வேர்வையில் ஊறிய ஜீன்ஸோடு காலேஜ் போகிறவர், ஒரே துண்டை நாலு பேர் பயன்படுத்தும் வீடு... பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த ட்யூபில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலும் அது கலவை க்ரீம். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. தடவிய ரெண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் காணாமல் போகும். ஆனால் போனது உடம்பின் எதிர்ப்புதான், பூஞ்சை அல்ல. தடுப்பார் இல்லாமல் அது உள்ளே பரவும். க்ரீமை நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வட்டம். மறுபடி அதே கடை, அதே ட்யூப். காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'ரிப்பீட் கஸ்டமர்' என்றால் தெரியும். இங்கே பொருள் வேலை செய்யாததால்தான் கஸ்டமர் திரும்பி வருகிறார்! மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அழியாத வரிக்கோடுகள் விழும்.

ஸ்டீராய்டு க்ரீம் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரி நோய்களுக்கு அதுதான் சரியான மருந்து. ஒருவருக்கு மருந்தாக இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு வினையாகிறது. எது எது என்று கண்டுபிடிக்கத் தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். சில நிமிட வேலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அதே வருடம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடை வந்தது, அதில் சில க்ரீம்களும் உண்டு. கவுண்டரில் சீட்டு கேட்கிறார்களா? நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் பூஞ்சையும் சும்மா இல்லை. டெர்பினஃபின் என்ற மாத்திரைக்கு மசியாத ஒரு வகைக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பேர் வைத்தார்கள். நம் நாட்டுப் பேரையே சூட்டிவிட்டார்கள், பெருமைப்படவா முடியும்? 2023-ல் நியூயார்க்கில்கூட அது கண்டுபிடிக்கப்பட்டது.

சரியான வைத்தியம் சலிப்பானது. ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை க்ரீமை வட்டத்துக்கு வெளியேயும் ரெண்டு சென்டிமீட்டர் தடவ வேண்டும். மறைந்த பிறகும் ரெண்டு வாரமாவது நிறுத்தக்கூடாது. உடம்பில் நிறைய இடத்தில் இருந்தால் டாக்டர் தரும் டெர்பினஃபினோ இட்ராகோனசோலோ வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். வீட்டில் அரிக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டிகள் அரைத்துப் போட்ட சீமை அகத்தி இலைக்கும் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டுதான். ஆனால் ஸ்டீராய்டில் ஊறி வளர்ந்த வட்டத்துக்கு அதை நம்பி உட்காரக்கூடாது.

"ஸ்டான்லிக்குப் போகலாமே, இலவசம்தானே?" என்று கேட்பது சுலபம். தினக்கூலிக்காரருக்குக் காலை ஓ.பி. வரிசை என்றால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கணக்கில் ட்யூப்தான் மலிவு. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 2023-ல் தமிழக அரசு திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் சாயங்காலமும் டாக்டர் பார்ப்பதற்கென்றே வந்தவை. அங்கே ஒரு மைக்ராஸ்கோப்பும், அந்தப் பரிசோதனை தெரிந்த ஒருவரும், ஸ்டீராய்டு இல்லாத க்ரீமும் எப்போதும் இருக்கும்படி செய்யலாம். வேலை முடிந்து வருகிறவர் மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் நேரத்தில் அங்கேயே போய்விடுவார். குரலைத் தாழ்த்திப் பேச ஒரு தனி அறையும் இருந்தால் இன்னும் நல்லது.