எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள்?

நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தின் லீவு விண்ணப்பப் படிவத்தில் 'விடுமுறைக் கால முகவரி' என்றொரு கட்டம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் ஒரே ஊரைத்தான் எழுதிவந்தேன்: கற்பிட்டி. ஆசிரிய பீடத்து இளைஞர்கள், "சேர், இம்முறையும் ஊருக்குத்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாங்கொக், சிங்கப்பூர், குறைந்தபட்சம் நுவரெலியா என்று எழுதாதவனை ஏதோ கஞ்சன் என்றோ வாழத் தெரியாதவன் என்றோ எண்ணும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. அந்த எண்ணத்தோடு எனக்குப் பெரிய கணக்கொன்று தீர்க்க இருக்கிறது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இந்த நாட்டின் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்துடனான லீவைத் தந்தது. அதற்கு முன்னரே, 1936இல், சர்வதேச தொழிலாளர் அமைப்பு சம்பளத்துடனான விடுமுறைக்கென ஒரு சமவாயத்தை நிறைவேற்றியிருந்தது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை இவை. உழைத்தவன் சும்மா இருப்பதற்கான உரிமை அது. அந்த உரிமையைச் சுற்றுலா வர்த்தகம் கைப்பற்றி, பயண நிரலும் வான் வாடகையும் புகைப்படக் கடமையும் சேர்த்து, அதையும் ஓர் உத்தியோகமாக்கிவிட்டது. புலம்பெயர்ந்த நம்மவர்கள் டொரன்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மூன்று வாரத்துக்கு வருகிறார்கள். சிகிரியா, எல்ல, அறுகம்பை எல்லாம் ஓடி முடித்துவிட்டு, விமானமேறுவதற்கு முதல் நாள் மாமியின் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள். மாமி அதிகாலையில் எழுந்து கணவாய் ஆய்ந்த கதை அவர்களுக்குத் தெரியாது.

வீட்டில் இருந்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு கற்பிட்டிக்காரரை நினைவூட்ட விரும்புகிறேன். சைமன் காசிச்செட்டி 1807இல் இந்த ஊரில் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். இலங்கைத் தீவு முழுவதையும் ஊர் ஊராக விபரிக்கும் 'சிலோன் கசற்றியர்' நூலை 1834இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த 'தமிழ் புளூட்டார்க்' 1859இல் வந்தது. கொழும்பிலிருந்து வருபவர் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பிச் சுமார் 40 கிலோமீற்றர் வரவேண்டிய ஒரு முனையில் பிறந்தவரின் வேலை இது. இன்று அந்த முனையைப் பற்றி நமது பத்திரிகைகள் (நான் எழுதியவையும் சேர்த்துத்தான்) மூன்றே சந்தர்ப்பங்களில் எழுதுகின்றன: டொல்பின் வரும்போது, நுரைச்சோலை அனல்மின் நிலையம் பழுதடையும்போது, தேர்தல் நடக்கும்போது.

வீட்டிலிருப்பது புனிதமென்று சொல்ல வரவில்லை. 2022 ஜூனில் எரிபொருள் தீர்ந்துபோன வேளையில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அமைச்சரவை தீர்மானித்தது. கையாலாகாத்தனத்துக்கு வெண்டிக்காயின் பெயரைச் சூட்டிய வேலை அது. போக வழியில்லாமல் வீட்டில் கிடப்பதும் போகத் தேவையில்லை என்று இருப்பதும் ஒன்றல்ல.

சென்ற சோளகக் காலத்தில் ஊரிலிருந்தபோது, ஒரு மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனேன். எமது ஊர் களப்பைப் பார்த்திருப்பது. பெருங்கடலுக்குப் போவதென்றால் வெங்காயப் பாத்திகளையும் புகையிலைத் தோட்டங்களையும் கடந்து மணற்பாதையில் போகவேண்டும். சிறுவயதில் தந்தையாரோடு நடந்த பாதை. அதன் முடிவில் ஒரு மதிலும் இரும்புக் கதவும் இருந்தன. காவலாளி நமது பக்கத்துப் பிள்ளைதான், மரியாதையாகவே கேட்டான்:

"ஐயா எந்த ஹோட்டலில தங்கியிருக்கிறீங்க?"

"வீட்டில்."

"எந்த வீடு? வில்லாவா?"

"என் வீட்டில், தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. விருந்தினருக்கு மாத்திரம்தான் பாதை என்றான். அவனில் பிழையில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

2000களின் பிற்பகுதியில் கற்பிட்டிக்கென ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பந்தீவு உட்பட 14 தீவுகள் அதில் அடக்கம். வரைபடத்தில் அவை வெறும் தீவுகள். உண்மையில் மீனவர்கள் குடியிருக்கும், வாடி போட்டுத் தொழில் செய்யும் இடங்கள். காணி பறிபோகிறதென்று அவர்கள் வீதிக்கு வந்தது அதனால்தான். 'கண்டுபிடிக்கப்படாத கரை' என்று விளம்பரங்கள் எழுதின. இபுனு பதூதா 1344இல் வந்திறங்கிய கரையை, ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கிய முனையை இவர்கள்தான் கண்டுபிடித்தார்களாம்!

ஹோட்டல் வந்தால் வேலை வரும் என்று நண்பரொருவர் வாதிடுகிறார். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் காவலாளியின் சம்பளம் ஒரு குடும்பத்தைப் பார்க்கிறது; டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றும் படகோட்டிக்கும் நல்ல வருமானம். ஆனால் சம்பளம் கொடுப்பதற்குப் பாதையை அடைக்கவேண்டிய அவசியம் என்ன என்பதற்கு நண்பரிடம் பதிலில்லை.

என் வாதத்தைத் தடுமாற வைத்தவர் வேறொருவர், சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நானா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து படகில் இங்கு வந்திறங்கியவர்களில் ஒருவர். பாடசாலை விடுமுறை வந்தால் குடும்பத்தோடு முசலிப் பக்கம் போய்ப் பழைய காணியில் பற்றை வெட்டுகிறார். "லீவுக்கு ஊருக்குப் போறோம் என்று நான் சொல்றேன் சேர். லீவு முடிஞ்சு ஊருக்கு எப்ப போறது என்று பிள்ளைகள் கேட்குதுகள்" என்றார். முப்பது ஆண்டுகளாக ஒரே விலாசத்தை எழுதிய என் பெருமை அவர் முன்னால் சற்றுச் சுருங்கித்தான் போயிற்று. தெரிவு செய்து வீட்டிலிருப்பதற்கு முதலில் ஒரு வீடு பறிபோகாமல் இருக்கவேண்டும்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுக்கிறது. அந்த வலயத்துக்குள் எமது ஆட்கள் காலங்காலமாக நடந்த பாதைகள் எவையென்று வயதானவர்களைக் கேட்டு, நில அளவைப் படத்தில் குறித்து, பிரதேச செயலகத்தின் சுவரில் ஒட்டுங்கள். பாதை தெரிந்த பெரியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். எனக்கு நினைவிருப்பவற்றை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கேட்பவருக்குத் தரத் தயார்.